சர்வர் ஓடுகிறது, தொழில் ஓடுகிறதா?

மாதக் கடைசி நாள், மாலை ஆறு மணி. ஐடி அறையில் எல்லாத் திரையும் பச்சை காட்டுகிறது. சர்வர் இயங்குகிறது, டேட்டாபேஸில் இடம் இருக்கிறது, நெட்வொர்க்கில் குறை இல்லை. அதே வளாகத்தின் டிஸ்பாட்ச் வாசலில் நான்கு லாரிகள் சரக்கேற்றி நிற்கின்றன. அரசின் இ-இன்வாய்ஸ் தளத்திலிருந்து இன்வாய்ஸுக்கு வர வேண்டிய ஐஆர்என் எண் வரவில்லை. அது இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. டிரைவர் கேட்கிறார், வாடிக்கையாளர் போனில் கேட்கிறார், கணக்குப் பிரிவு ஐடியைக் கேட்கிறது. "எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்கிறது ஐடி.

அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் பார்ப்பது சர்வரை, நின்றுபோனது தொழில். கிணற்றில் மோட்டார் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பாசனம் முடிந்தது என்று வீட்டுக்குப் போக முடியாது. கடைசிப் பாத்தியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

வணிகச் செயல்முறையின் நலத்தைக் கண்காணிப்பது அப்படி நடந்துபோய்ப் பார்க்கும் வேலை. ஓர் ஆர்டர் வந்த நிமிடம் முதல் அதற்கான பணம் வங்கியில் சேரும் வரை, எந்தக் கட்டத்தில் எது எவ்வளவு நேரமாகத் தேங்கி நிற்கிறது என்று மென்பொருளுக்குள்ளேயே தினமும் பார்ப்பது. தேங்கியதை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பது. சப்போர்ட் வேலையில் இருந்துகொண்டு டிக்கெட் மூடுவதிலேயே காலம் போகிறதே என்று தவிக்கும் இளைஞர்களுக்கு, மேலே ஏற இதைவிட நேரான படி எனக்குத் தெரியவில்லை. இங்கே எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். ஆரக்கிளிலோ மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸிலோ வேலை செய்பவர்களுக்குத் திரையின் பெயர்கள்தான் மாறும், வழி இதேதான்.

யாரும் படிக்காத 97 மின்னஞ்சல்கள்

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குவணிக நிறுவனமான நைட் கேபிடல், அதற்கு முந்தைய நாட்களில் தன் எட்டு சர்வர்களில் புதிய நிரலை ஏற்றியிருந்தது. ஏற்றியவர்கள் ஒரு சர்வரை விட்டுவிட்டார்கள். காலை 9.30க்குச் சந்தை திறந்ததும், விடுபட்ட அந்த ஒரு சர்வர் பழைய நிரலை ஓட்டி, யாரும் கேட்காத ஆர்டர்களைச் சந்தையில் கொட்டத் தொடங்கியது. சுமார் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டே அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்து, தனி வாழ்வை முடித்துக்கொண்டது.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் வெளியிட்ட உத்தரவில் ஒரு விவரம் இருக்கிறது. கண்காணிப்பு வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் அதை மனதில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். அன்று காலை எட்டு மணி தொடங்கி, சந்தை திறப்பதற்கு முன்பே, கோளாறைக் குறிப்பிடும் 97 மின்னஞ்சல்களை அந்த நிறுவனத்தின் மென்பொருள் தானாகவே ஊழியர் குழு ஒன்றுக்கு அனுப்பியிருந்தது. அவற்றை அலர்ட் என்று யாரும் வகுத்துவைக்கவில்லை. வந்தபோது யாரும் எடுத்துப் பார்க்கவும் இல்லை.

மென்பொருள் தன் கடமையைச் செய்துவிட்டது. அந்தச் செய்தியை யார் படிப்பது, எத்தனை நிமிடத்துக்குள் படிப்பது, படித்ததும் எதை நிறுத்துவது என்ற மூன்றும் முடிவாகாமல் கிடந்தன. உங்கள் இன்பாக்ஸைத் திறந்து பாருங்கள். "ஜாப் ஃபெயில்டு" என்று தினமும் வந்து, ரூல் போட்டுத் தனி ஃபோல்டருக்குள் தள்ளப்பட்டவை அங்கேயும் இருக்கும். கண்காணிப்பு என்ற வேலையில் கடினமான பகுதி தகவலைப் பிடிப்பது அல்ல. பிடித்த தகவலுக்கு ஒரு மனிதரைப் பொறுப்பாக்குவதுதான் கடினம்.

முதல் படி: ஒரே ஒரு பாதையை வரையுங்கள்

மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். உங்கள் நிறுவனத்துக்குப் பணம் வரும் பாதையை வரையுங்கள்: ஆர்டர், கிரெடிட் சரிபார்ப்பு, டெலிவரி, சரக்கு வெளியேற்றம், பில்லிங், கணக்குப் பதிவு, இ-இன்வாய்ஸ், வசூல். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே மூன்று குறிப்புகள் போதும்: யார் செய்கிறார், வழக்கமாக எவ்வளவு நேரம் ஆகும், இங்கே நின்றால் யாருக்கு முதலில் வலிக்கும்.

இந்தக் குறிப்புகளை மேஜையில் உட்கார்ந்து எழுத முடியாது. டிஸ்பாட்ச் சூப்பர்வைசரிடம் போங்கள். பில்லிங் பார்ப்பவரிடம் போங்கள். "இந்த வாரம் எது உங்களைக் காக்கவைத்தது?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் எந்த ஆவணத்திலும் இருக்காது. ஆர்டரில் ஒரு புலம் விடுபட்டால் டெலிவரி உருவாகாது என்பதும், மாதக் கடைசியில் கிரெடிட் விடுவிக்கும் மேலாளர் பயணத்தில் இருப்பார் என்பதும், குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளர் பொருள் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பாதை முழுதாகக் கைவசமாகும் வரை இரண்டாவதைத் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: தேங்கும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

எஸ்ஏபியில் வேலை தேங்குவது பெரும்பாலும் நான்கு வகை. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒன்று, பாதியில் நின்ற ஆவணம். விவரம் முழுமையடையாத ஆர்டர்களை வி.02 திரை காட்டும். டெலிவரி ஆகியும் பில் ஆகாமல் காத்திருப்பவை விஎஃப்04இல் வரிசையாக நிற்கும். பில் போட்டும் கணக்குக்குப் போகாதவை விஎஃப்எக்ஸ்3இல் இருக்கும். வாங்கும் பக்கத்தில், விலையோ அளவோ பொருந்தாமல் தடைபட்ட சப்ளையர் பில்களை எம்ஆர்பிஆர் காட்டும். உற்பத்தியில் பதிவாகாமல் விழுந்த சரக்கு நகர்வுகளுக்கு சிஓஜிஐ.

இரண்டு, வழியில் சிக்கிய செய்தி. வாடிக்கையாளரின் கணினியிலிருந்து ஆர்டர் ஐடாக் என்ற மின்னணு ஆவண வடிவில் வருகிறது என்றால், அதன் நிலை எண்ணைப் பார்க்க வேண்டும். 53 என்றால் பதிவாகிவிட்டது. 64 என்றால் வாசலில் காத்திருக்கிறது. 51 என்றால் பதிவாக முயன்று தோற்றுவிட்டது. டபிள்யூஈ02இல் தேடலாம், பிடி87இல் மறுபடி ஓட்டலாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அழைப்புகள் சிக்கினால் எஸ்எம்58இலும் எஸ்எம்கியூ2இலும் தெரியும்.

மூன்று, ஓடாத ஜாப். இரவில் தானாக ஓட வேண்டிய பில்லிங் ஜாப் தோற்றால் எஸ்எம்37 சிவப்பாகக் காட்டிவிடும். அதைவிட ஆபத்தானவை இரண்டு: தொடங்கவே தொடங்காத ஜாப், வெற்றிகரமாக முடிந்ததாகக் காட்டிவிட்டு ஒரு பில்கூடப் போடாத ஜாப். "முடிந்தது" என்ற சொல்லை நம்பி நகராதீர்கள். ஜாப் லாகைத் திறந்து, எத்தனை ஆவணம் உருவானது என்று பாருங்கள்.

நான்கு, அறுந்துபோன பதிவு. பயனர் "சேமி" அழுத்தி ஆவண எண்ணும் பெற்றுவிடுவார். பின்னணியில் டேட்டாபேஸ் பதிவு அறுந்திருக்கும். எஸ்எம்13 இதைக் காட்டும். நிரல் முறிந்த கதை எஸ்டி22இல் இருக்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு போனவர், தன் ஆவணம் அங்கே இல்லை என்பதை அறியாமலே இருக்கலாம். அதனால்தான் இந்தத் திரையை ஒருநாள்கூட விடக் கூடாது.

மூன்றாம் படி: ஐந்து அளவைகள் போதும்

புதிதாகத் தொடங்குபவர் செய்யும் முதல் தவறு, எல்லாவற்றையும் அளக்க ஆசைப்படுவது. ஐம்பது அலர்ட் வைத்தால் ஐம்பதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஐந்தில் தொடங்குங்கள். ஆர்டர் முதல் வசூல் வரையிலான பாதைக்கு நான் பரிந்துரைக்கும் ஐந்து இவை:

1. நான்கு மணி நேரத்துக்கு மேல் 51 நிலையில் கிடக்கும் ஆர்டர் ஐடாக்குகள்.
2. கிரெடிட் தடையில் ஒரு வேலைநாளுக்கு மேல் நிற்கும் ஆர்டர்கள், ரூபாய் மதிப்போடு.
3. வாக்களித்த தேதி தாண்டியும் சரக்கு வெளியேறாத டெலிவரிகள்.
4. பில் ஆகாதவை, கணக்குக்குப் போகாதவை, ஐஆர்என் வராதவை, மூன்றும் தனித்தனியாக.
5. கெடு கடந்த வசூல். 30, 60, 90 நாட்கள் என்று பிரித்து.

ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையோடு வயதையும் ரூபாயையும் பாருங்கள். இன்று காலை வந்து இன்னும் பில் ஆகாத 200 டெலிவரிகள் பிரச்சினை அல்ல, வழக்கமான வேலை. ஒன்பது நாட்களாகப் பில் ஆகாத ஒரே ஒரு டெலிவரி உண்மையான பிரச்சினை. எண்ணிக்கையை மட்டும் காட்டும் டேஷ்போர்டில் அந்த ஒன்று மறைந்துவிடும். வயதைக் காட்டினால் முதல் வரிசையில் வந்து நிற்கும்.

எத்தனை மணி நேரத்தில் சிவப்பாக வேண்டும் என்பதை நீங்களாக ஊகிக்க வேண்டாம். தொழிலுக்கென்று சில கெடுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தியாவில் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. 2023 ஆகஸ்ட் முதல் அந்த வரம்பு 5 கோடி. 10 கோடி ரூபாயும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள், 2025 ஏப்ரல் 1 முதல், இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் அதை இணையத்தளத்தில் பதிந்தாக வேண்டும். கெடு தாண்டினால் தளம் ஏற்காது. பதியாத இன்வாய்ஸ் செல்லாத இன்வாய்ஸ். வாங்கியவருக்கு உள்ளீட்டு வரிப் பயன் சிக்கலாகும். தவறான ஜிஎஸ்டி எண், மாநிலத்தோடு பொருந்தாத பின்கோடு, பிழையான எச்எஸ்என் குறியீடு போன்ற சின்னக் காரணங்களால்தான் பல ஆவணங்கள் திரும்பி வருகின்றன. எஸ்ஏபியின் இ-டாகுமெண்ட் காக்பிட்டில் அவை கண்முன் நிற்கும். பார்ப்பதற்கு ஆள் வேண்டும்.

வாங்கும் பக்கத்துக்கும் கெடு உண்டு. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியதற்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும், இல்லாவிட்டால் 15 நாட்களிலும் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியின் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாக ஏறும். வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்த்த பிரிவின்படி, கெடு தாண்டிய தொகையைக் கொடுத்து முடித்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். எனவே எம்ஆர்பிஆரில் தடைபட்டு நிற்கும் பில், 45 நாள் கெடு உள்ள குறு, சிறு சப்ளையருடையதாக இருந்தால் 25ஆம் நாளிலேயே மஞ்சளாகட்டும், 35ஆம் நாளில் சிவப்பாகட்டும். பத்து நாள் அவகாசம் இருந்தால்தான் விலை முரண்பாட்டைப் பேசித் தீர்த்துப் பணம் அனுப்ப முடியும்.

நான்காம் படி: ஆள், நேரம், செயல்

ஒவ்வோர் அளவைக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் ஒரு பெயர், ஒரு கெடு, ஒரு செயல் மூன்றும் இருக்க வேண்டும். "பில்லிங் டீம்" என்பது பெயர் அல்ல. அந்த டீமில் இன்று பணியில் இருப்பவர் யார், அவர் விடுப்பில் போனால் யார் என்பதே பெயர். "உடனடியாக" என்பது கெடு அல்ல. "காலை பத்தரைக்குள்" என்பது கெடு. "பரிசீலிக்கவும்" என்பது செயல் அல்ல. "ஐடாக்கைத் திறந்து பிழைச் செய்தியைப் படிக்கவும், வாடிக்கையாளரின் பொருள் எண் பதிவில் இல்லை என்றால் விற்பனைப் பிரிவில் இன்னாருக்குச் சொல்லவும், சரிசெய்ததும் பிடி87இல் ஓட்டவும்" என்பதுதான் செயல்.

இப்படி எழுத முடியாத அலர்ட்டைத் தயங்காமல் அணைத்துவிடுங்கள். யாராலும் எதுவும் செய்ய முடியாத எச்சரிக்கை மற்ற எச்சரிக்கைகளையும் மதிப்பிழக்கச் செய்யும். நாலு நாள் பொய்யாக அடித்த அலர்ட் ஐந்தாம் நாள் உண்மையாக அடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: அதே பிழை மூன்றாம் முறை வந்தால்

51இல் நின்ற ஐடாக்கை மறுபடி ஓட்டிவிட்டு டிக்கெட்டை மூடுவது எளிது. மறுநாளும் வரும், மறுபடி ஓட்டலாம். வருடக்கணக்காக இதை மட்டுமே செய்து அனுபவம் என்று கணக்குக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவராக வேண்டாம்.

ஒரே பிழை மூன்றாம் முறை வந்ததும் அதைத் தனி விஷயமாக எடுங்கள். ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர்களில், பொருள் எண் தெரியாமல் அடிக்கடி பிழை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் எண்ணையும் நம் எண்ணையும் இணைக்கும் பதிவு விடி51இல் இல்லாததுதான் நேரடிக் காரணம். ஏன் இல்லை? புதிய பாகத்தின் விலை முடிவானதும் விற்பனைப் பிரிவு விலையை மட்டும் பதிகிறது. எண் இணைப்பைப் பதிவது யார் பொறுப்பு என்று எழுதப்படவே இல்லை. புதிய பாகம் தொடங்கும் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் பிழை பிறக்கும் இடத்திலேயே முடிந்துவிடும். இந்தத் தீர்வுக்கு நிரல் எழுத வேண்டியதில்லை. இரண்டு பிரிவுகளை ஒரே மேஜையில் உட்காரவைத்தால் போதும்.

அதற்காக வாரம் ஒருமுறை அரை மணி நேரக் கூட்டம் கேளுங்கள். மூன்றே கேள்விகள்: மிகப் பழையது எது, மிக அதிக ரூபாய் எதில் நிற்கிறது, போன வாரம் வந்து இந்த வாரமும் வந்தது எது. வேறு எதையும் அந்தக் கூட்டத்தில் பேச விடாதீர்கள்.

கருவிகள்: எது, எப்போது

ஐந்து அளவைகளைக் கையால் எடுத்து எக்செலில் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். எந்த அளவை உபயோகமானது, எது வெறும் அலங்காரம் என்று அந்த ஒரு மாதம் சொல்லிவிடும். அதன்பிறகு தானியங்கிக் கருவிக்குப் போங்கள்.

எஸ்ஏபி உலகில் இந்த வேலைக்கு நீண்டகாலம் பயன்பட்டது சொல்யூஷன் மேனேஜர். அதன் 7.2 பதிப்புக்கான முதன்மைப் பராமரிப்பு 2027 முடிவில் நிற்கிறது. எஸ்ஏபியின் கிளவுட் ஏஎல்எம் அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. ஜாப், இன்டர்ஃபேஸ், வணிகச் செயல்முறை ஆகிய மூன்றுக்கும் அதில் தனித்தனிக் கண்காணிப்புப் பகுதிகள் உண்டு. எஸ்ஏபியின் பழைய தலைமுறையான ஈசிசியிலிருந்து புதிய எஸ்/4ஹானாவுக்கு மாறும் நிறுவனங்கள் கண்காணிப்பையும் மாற்றியாக வேண்டிய நேரம் இது. இன்று கற்பவருக்கு இதுவே வாய்ப்பு. எஸ்ஏபியின் கற்றல் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. சான்றிதழுக்குச் செலவழிப்பதற்கு முன் அவற்றை முடித்துவிடுங்கள்.

அடுத்தது ப்ராசஸ் மைனிங். நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் வில் வான் டெர் ஆல்ஸ்ட் வளர்த்தெடுத்த துறை இது. 2011இல் மியூனிக்கில் தொடங்கிய செலோனிஸ் இதைப் பெருநிறுவனங்களுக்குக் கொண்டுசென்றது. 2021இல் எஸ்ஏபி, செயல்முறை மென்பொருள் நிறுவனமான சிக்னாவியோவை வாங்கியது. அடிப்படை எளிமையானது. எந்த ஆவணம், என்ன நடந்தது, எப்போது நடந்தது என்ற மூன்று பத்திகள் போதும். ஆர்டர்கள் உண்மையில் நடந்த பாதையை மென்பொருள் வரைந்து காட்டும். எஸ்ஏபியில் அந்தத் தகவல் விபிஏகே, எல்ஐகேபி, விபிஆர்கே, சிடிஹெச்டிஆர் போன்ற டேபிள்களில் ஏற்கெனவே கிடக்கிறது. எஸ்கியூஎல் எழுதத் தெரிந்தவர் கருவி வாங்கும் முன்பே முதல் பதிலைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை

இந்தத் தரவை மனிதர்களைப் பிடிக்கும் வலையாக்கிவிடாதீர்கள். யார் எத்தனை நிமிடம் தாமதித்தார் என்று பட்டியல் போட்ட நாளிலிருந்து, எண்கள் அழகாகும், உண்மை மறையும். சிவப்பைத் தவிர்க்க ஆர்டரை ரத்து செய்து புதிதாகப் போடுவார்கள். டெலிவரி தேதியைத் தள்ளி எழுதுவார்கள். செயல்முறை எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், அங்கே வேலை செய்பவர் உங்களிடம் ஓடிவந்து சொல்வார். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்த டேஷ்போர்டும் உண்மை பேசாது.

உங்கள் வேலைவாழ்வுக்கு என்ன லாபம்

பயோடேட்டாவில் "500 டிக்கெட் தீர்த்தேன்" என்று எழுதுபவர்கள் ஏராளம். "பில் ஆகாமல் ஒரு வாரத்துக்கு மேல் நின்ற டெலிவரிகளின் மதிப்பு இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைந்தது, காரணம் இது, செய்தது இது" என்று எழுதுபவரைத்தான் நேர்காணலில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். அப்போது நீங்கள் சொல்வது உங்கள் சொந்த வேலையாக இருக்கும்; அடுத்த கேள்விக்கும் பதில் இருக்கும். வாடிக்கையாளர் பெயரையும் உள் எண்களையும் மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள். விகிதமாகச் சொன்னால் போதும்.

கற்க வேண்டிய வரிசை இது: முதலில் ஒரு செயல்முறையை முழுதாக, பிறகு ஐடாக், ஜாப், இன்டர்ஃபேஸ் ஆகிய தொழில்நுட்ப அடித்தளம், பிறகு எஸ்கியூஎல், கடைசியாகக் கருவி. காமர்ஸ் படித்துவிட்டு ஐடிக்கு வந்தவர்களுக்கு முதல் படியில் கூடுதல் பலம். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு இரண்டாவதிலும் மூன்றாவதிலும். இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டால் ஒரே வருடத்தில் வெகுதூரம் போகலாம்.

இது திரைக்கு முன் உட்கார்ந்து செய்யும் வேலைதான். ஆனால் அம்பத்தூரிலோ சிட்கோவிலோ பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்தும் சப்ளையருக்கு 45 நாளில் பணம் போனால், அங்கே சம்பளம் தேதி தவறாமல் கிடைக்கும். தடைபட்ட பில் ஒன்றை நீங்கள் பத்து நாள் முன்னதாகக் கண்டுபிடிப்பதன் மதிப்பு அவ்வளவு. அதனால் நாளை காலை முதல் வேலையாக எம்ஆர்பிஆரையோ விஎஃப்04ஐயோ திறங்கள். தேதிவாரியாக வரிசைப்படுத்துங்கள். பட்டியலில் மிகப் பழைய ஆவணத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அது ஏன் நிற்கிறது என்று அதற்குரியவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.